கொன்றைக்கு அறுபத்தொன்று, மந்தாரைக்கு அறுபத்தொன்றரை

அலுவலகத்தில் அவருக்கு ஒப்பீட்டுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் கொள்முதல் பிரிவில் ஒரே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்த மின்விசிறியா அந்த மின்விசிறியா, இந்தக் கோப்பு அட்டையா அந்தக் கோப்பு அட்டையா என்று கோடு போட்ட தாளில் ஒப்பிட்டு எழுதுவதுதான் அவர் வேலை. இடது ஓரம் அம்சங்கள், பக்கத்தில் கட்டங்கள், அடியில் மொத்த மதிப்பெண், அதற்கும் அடியில் அவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழுவதற்குள் பொருளைக் கேட்டவர்களில் பாதிப் பேர் மாற்றலாகிப் போயிருப்பார்கள்.

ஒருமுறை தட்டச்சுப் பிரிவுக்கு நாற்காலி வாங்க வேண்டியிருந்தது. மூன்று கம்பெனி மாதிரிகள் வந்தன. முதுகுச் சாய்வு, கைப்பிடி, சக்கரம் உருளும்போது வரும் சத்தம் என்று பதினான்கு மாதம் ஒப்பிட்டார். அதற்குள் இரண்டு கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மிஞ்சிய கம்பெனியின் நாற்காலியையே வாங்கலாம் என்று, 'ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின்' என்ற வார்த்தைகளோடு அவர் கோப்பை மேலே அனுப்பினார். நாற்காலிகள் வந்து இறங்கிய வாரம் தட்டச்சுப் பிரிவையே கலைத்துவிட்டார்கள்.

கல்யாணமும் ஏறக்குறைய இப்படித்தான் முடிந்தது. இரண்டு இடத்தில் பேச்சு நடந்தது. இரண்டும் நல்ல இடம். மனிதர் ஒன்பது மாதம் ஆற அமர யோசித்தார். ஒரு வீட்டார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டுப் பெண்தான் அவர் மனைவி. நன்றாக ஆராய்ந்து தான் எடுத்த முடிவு அது என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான மூன்றாவது மாதமே அவருடைய பழைய நோட்டு ஒன்றில், இரண்டு பெண்களையும் ஒப்பிட்டு அவர் எழுதிய தாளை மனைவி பார்த்துவிட்டாள். தனக்குக் கிடைத்த மதிப்பெண்ணையும்தான். அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. பேசாததால் மறந்துவிட்டாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, நிம்மதியாக அனுப்பிவைத்தார்கள். யாருடைய நிம்மதி என்று கேட்காதீர்கள். அவர் வீட்டுக்கு வந்தார். ஒப்பிட ஒன்றும் இல்லாமல் நான்கு மாதம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீடு மேற்குப் பார்த்தது. முன்னறையில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலடியில்தான் மனைவியின் தையல் மெஷின். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை, பழைய சட்டைக்குப் புதுக் காலர் என்று தெருவுக்கே அவள்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணியானால் வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நேராக மெஷின் மேல் விழும். முன்பெல்லாம் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகுதான் தொல்லை. வெளிச்சத்தில் கண் கூசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்த ஜன்னலுக்கு வெளியில நிழல் மாதிரி ஏதாவது பண்ணுங்களேன். நாலு மணி ஆனா கண்ணுல ஊசி குத்துது."

"பண்ணிடலாம்" என்றார் அவர் உடனே.

உடனே என்ற சொல்லை அவரோடு சேர்த்து எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். மனைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஒரு தகரத்தச் சாய்ச்சு அடிச்சாக்கூடப் போதும்."

"தகரமா? வீட்டு முகப்புக்கு அழகு வேணாமா? மரம் வெச்சுடுவோம். நல்லா பூக்கற மரம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "எந்த மரம்னு மட்டும் பாக்கணும்."

அவள் முகத்தில் வந்த ஆச்சரியம் அப்படியே வடிந்துவிட்டது.

மறுநாளே ஆள் வைத்து ஜன்னலுக்கு முன்னால் குழி வெட்டினார். மூன்றடி ஆழம், மூன்றடி அகலம், பார்க்க அம்சமான குழி. அது முடிந்ததும் நர்சரிக்குப் போனார். நர்சரியை நடத்துவது ஒரு அம்மா. கையில் எப்போதும் மண், இடுப்பில் கத்தரி, பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

"என்ன மரம் சார் வேணும்?"

"வீட்டு முன்னால வைக்கற மாதிரி. பாக்க அழகா இருக்கணும், நல்லா பூக்கணும்."

நர்சரிக்காரம்மா இரண்டு கன்றுகளை எடுத்து வைத்தார். ஒன்று சரக்கொன்றை. இன்னொன்று மந்தாரை.

"ரெண்டுமே வீட்டு வாசலுக்கு நல்லா இருக்கும் சார். சரம் சரமா மஞ்சப் பூ வேணும்னா கொன்றை. ரோஸ் பூ வேணும்னா மந்தாரை. எது பிடிக்குதோ எடுத்துட்டுப் போங்க."

ஒப்பீட்டுக்காரர் அந்த அம்மாவைப் பரிதாபத்தோடு பார்த்தார். இத்தனை வருடம் செடிகளோடு புழங்கியும் ஒரு மரத்தை வெறும் பூவின் நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறாரே! கொள்முதல் பிரிவில் இந்த அம்மா ஒரு நாள் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கன்றுகளையும் வாங்கி, ஒரே அளவில் இரண்டு தொட்டியும் வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஏன் ரெண்டு?" என்றாள் மனைவி. "குழி ஒண்ணுதானே இருக்கு?"

"ரெண்டும் தொட்டியில இருக்கட்டும். ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே வெயில். கொஞ்ச நாள் பாத்துட்டு, எது நல்லதோ அதக் குழிக்கு மாத்திடறேன்."

அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமும் சொச்சமும் ஆனது.

முதலில் தாளில் ஆறு அம்சங்கள்தான் இருந்தன. பூவின் நிறம், பூக்கும் காலம், உயரம், பூச்சித் தொல்லை, தண்ணீர்த் தேவை, மதில் சுவரை வேர் தள்ளுமா தள்ளாதா. பிறகு அவை பெருகின. காற்றில் கிளை முறிதல். காயின் நீளம். காய்ந்த காய் வெடிக்கும்போது வரும் சத்தம். பூவுக்கு வரும் வண்டு கடிக்குமா கடிக்காதா. தெருவில் போகிறவர்கள் பறிக்கும் வாய்ப்பு. உதிர்ந்த இதழ் செருப்பில் ஒட்டும் தன்மை. உதிரும் இலையைக் கூட்டுவதற்கு ஆகும் நேரம். ஆறு பன்னிரண்டாகி, பன்னிரண்டு இருபதாகி, கடைசியில் முப்பத்தொன்றில் வந்து நின்றது.

கன்றுகளை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது என்று வளர்ந்த மரங்களையும் தேடிப் போனார். ஐந்து தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் நல்ல கொன்றை மரம் ஒன்று இருந்தது. தினமும் காலையில் அங்கே போய், சாலையோரம் நோட்டும் கையுமாக நின்று மேலும் கீழும் பார்ப்பார். நாலாம் நாள் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"என்ன சார், ரோடு அகலப்படுத்தறாங்களா? வீட்ட அளக்கறீங்களா?"

"இல்லங்க. உதிர்ந்த பூவ எண்ணிக்கிட்டிருக்கேன்."

வீட்டுக்காரர் உள்ளே போய்த் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்காரர் எண்ணிக்கையை விடவில்லை. அன்றைக்கு இருநூற்றுப் பதினெட்டு.

இதற்கு நடுவில் அவர் மனசாட்சி வேறு குத்தியது. கொள்முதல் விதிப்படி எதை வாங்கினாலும் மூன்று மாதிரிகள் இருந்தாக வேண்டும். இங்கே இருப்பதோ இரண்டு. இரண்டை வைத்து முடிவெடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும். வீட்டில் எந்தத் தணிக்கை என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் சொல்வார். கடைசியில் ஒரு வங்கி வரவேற்பறையில் நின்ற பிளாஸ்டிக் மரத்தை மூன்றாவது மாதிரியாகச் சேர்த்தார். சும்மா ஒப்புக்குத்தான் சேர்த்தார். ஆனால் அது தண்ணீர் கேட்கவில்லை, இலை உதிர்க்கவில்லை, பூச்சி பிடிக்கவில்லை, சுவரைத் தள்ளவில்லை, யாரும் பறிக்க வரவில்லை. கூட்டிப் பார்த்தால் எண்பத்தேழு மதிப்பெண்ணோடு முதலிடத்தில் நின்றது. மனிதருக்கு வேர்த்துவிட்டது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு, 'தொழில்நுட்பக் காரணங்களால் நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார்.

ஜன்னலுக்கு முன்னால் குழி அப்படியே கிடந்தது. மழைக்கு நிரம்பியது, வெயிலுக்குக் காய்ந்தது. ஒரு பூனை அதில் குட்டி போட்டது. துணி காயப்போடப் போகும் மனைவி தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். கால் தவறி ஒருநாள் விழப் பார்த்ததும் அவர் பதறிப்போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து குழிமேல் போட்டு மூடினார். அந்தப் பலகையை எந்த மரத்தில் செய்வது என்று ஒப்பிடாமல் கிடைத்ததைப் போட்டதே பெரிய விஷயம்.

முதல் கோடை போனது. மனைவி ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டினாள். அறை இருட்டானது. விளக்கைப் போட்டுத் தைத்தால் ஊசி முனை இரண்டாகத் தெரிந்தது. போர்வையை எடுத்தாள், கண் எரிந்தது. மறுபடி கட்டினாள். இரண்டாவது கோடையில் ஒரு குழந்தையின் சட்டைக்குக் கையை உள்வெளியாகத் தைத்துவிட்டாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் தையலில் யாரும் குறை சொன்னதில்லை. குழந்தையின் அம்மா சிரித்துக்கொண்டேதான் திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட மனைவிக்கு முகம் செத்துப்போனது.

"ஏங்க, அந்த மரம் என்னாச்சு?"

"இறுதிக் கட்டத்துல இருக்கு" என்றார் அவர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "மந்தாரைக் காய் வெடிக்கற சத்தம் மட்டும் பாக்கி. அது காயணும்."

அவள் நேரே உள்ளே போய்த் தன் தங்கைக்குப் போன் செய்தாள்.

தங்கை தனியாக இருப்பவள். ஊரின் அந்தக் கோடியில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய இடத்தில் வீடு. மறுநாள் காலை ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. தையல் மெஷினை ஏற்றினார்கள். நூல்கண்டுப் பெட்டியையும் கத்தரியையும் மனைவி தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எத்தன நாளைக்கு?" என்று அவர் வாசலில் நின்றபடி கேட்டார்.

"நிழல் வர்ற வரைக்கும்."

முதல் வாரம் பகலில் போய், பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்தாள். இரண்டாவது வாரம், இந்த வெயிலில் பஸ்ஸில் அலைய முடியவில்லை என்று அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து வீட்டைத் துடைத்து, துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது ஞாயிறு அதுவும் இல்லை. துணி நிறைய வந்திருக்கிறது, முடிக்க வேண்டும் என்று போனில் சொன்னாள். குரல் நன்றாக இருந்தது. அதுதான் அவரைக் கலவரப்படுத்தியது.

இத்தனை காலம் அந்த முன்னறையில் மெஷின் ஓடுகிற சத்தத்தில்தான் அவர் உட்கார்ந்து கட்டம் போட்டிருக்கிறார். நாலு மணிக்கு டீ வரும். தைத்துக்கொண்டே அவள் யார் வீட்டில் என்ன சேதி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் காதில் வாங்காதது போல உம் கொட்டுவார், ஆனால் ஒரு சேதியையும் விடமாட்டார். இப்போது வீடு வெறிச்சென்று கிடந்தது. மெஷின் இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் தரையில் இருந்தது. நாலு மணிக்கு அவரே டீ போட்டார். அதைக் குடிக்கும்போது மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. பார்க்க யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதார்.

அழுது முடித்ததும் வேகம் வந்தது. காய் வெடிக்கிற சத்தத்துக்குச் சராசரியாக ஒரு மதிப்பெண் போட்டார். விட்டுப்போன கட்டங்களை நிரப்பினார். பதினொரே நாளில் முடிவு தயாரானது. அவர் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் எந்தக் கோப்பும் முடிந்ததில்லை. கொன்றைக்கு அறுபத்தொன்று, மந்தாரைக்கு அறுபத்தொன்றரை. வென்ற கன்றைத் தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, எப்படி நட வேண்டும் என்று கேட்க நர்சரிக்கு ஓடினார்.

நர்சரிக்காரம்மா தொட்டியைச் சாய்த்து, ஓரத்தைத் தட்டி, கன்றை வெளியே உருவினார். மண்ணே தெரியவில்லை. வேர் சுற்றிச் சுற்றித் தொட்டியின் வடிவத்திலேயே இறுகிப்போயிருந்தது.

"இது எப்போ வாங்கினது சார்?"

"ரெண்டேகால் வருஷம் ஆச்சு."

"ரெண்டேகால் வருஷமா தொட்டியிலயேவா வெச்சிருந்தீங்க?"

"ஒரே மாதிரி வெச்சாத்தானம்மா நியாயமா ஒப்பிட முடியும்?"

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே இத வெச்சா உருப்படியா வராது சார். புதுக் கன்னா ஒண்ணு தர்றேன். என்ன அவசரம் இப்ப?"

"அவசரம்தாம்மா. வீட்டுல தையல் வேல. கண்ணு ஆபரேஷன் ஆனவ. ஜன்னல்ல வெயில் அடிக்குது. அந்த நிழலுக்காகத்தான் மரமே."

"நிழலுக்கா?"

கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மா அவர் பக்கம் நன்றாகத் திரும்பினார்.

"சார், அழகுக்குன்னுதானே கேட்டீங்க? கொன்றை பூக்கறதே இலையக் கொட்டிட்டுத்தான். மந்தாரையும் வெயில் காலத்துல மொட்டையாத்தான் நிக்கும். நிழல்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா புங்கங்கன்னு குடுத்திருப்பேனே. இந்நேரம் உங்க ஜன்னலத் தாண்டிப் போயிருக்கும்."

ஒப்பீட்டுக்காரர் நோட்டைப் பிரித்தார். பத்தொன்பதாவது அம்சம்: இலை உதிர்வு. எந்த வாரம் தொடங்கி எந்த வாரம் முடிந்தது, மொட்டையாக நின்ற நாட்கள் எத்தனை என்று அவர் கைப்படவே எழுதியிருந்தது. இரண்டு மரத்துக்கும், இரண்டு வருடமும், சரியாக வெயில் உச்சத்தில் இருந்த நாட்கள். அதை வாசல் பெருக்கும் வேலையாக மட்டும் கணக்கில் எடுத்து, அதற்கு ஏற்ப மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். முப்பத்தொரு அம்சங்களையும் மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துத் தேடினார். நிழல் என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை. அந்த நோட்டைத் தூக்கி எங்கேயாவது எறிந்துவிடலாம் போல அவருக்கு இருந்தது. எறியவில்லை, பையில்தான் வைத்துக்கொண்டார். அவமானமாக இருந்தது.

புங்கங்கன்று ஒன்றை வாங்கினார். இது நல்லதா அது நல்லதா என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பலகையை எடுத்து, குழியில் கன்றை நட்டு, தண்ணீர் ஊற்றி, கையைக் கழுவிக்கொண்டு நேரே பஸ் பிடித்தார். போகும் வழியிலேயே தகரம் அடிக்கும் ஆளையும் பார்த்து, நாளைக்கே வரச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் அவரை அறிந்தவர்கள் யாராவது அன்று அவரைப் பார்த்திருந்தால் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

தங்கை வீட்டின் பக்கவாட்டில் ஒரு புங்கமரம். யாரும் வைத்ததில்லை, தானாக முளைத்தது. அதன் அடியிலேயே மெஷினைப் போட்டு மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். மணி நாலு. சுற்றிலும் வெயில் கொளுத்தியது, அந்த இடம் மட்டும் தண்ணீர் தெளித்தது போல் இருந்தது.

"வாங்க மாமா" என்று தங்கை ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். "வெயில்ல வந்திருக்கீங்க. டீ போடறேன்."

அவர் உட்கார்ந்தார். கழுத்தில் காற்று பட்டது. இரண்டு வருடமாக அவள் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தொட்டியில் சுருண்ட வேரையும் சொன்னார், இல்லாமல் போன கட்டத்தையும் சொன்னார். அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் நிழல்தாங்க கேட்டேன். மரம்னு நீங்களா எழுதிக்கிட்டீங்க."

"தப்புதான்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் மெஷின் ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

"இன்னிக்குப் புங்கங்கன்னு வெச்சுட்டேன்."

"சரி."

"அது வளர்ற வரைக்கும் நீ சொன்ன மாதிரி தகரம் அடிச்சுடறேன். நாளைக்கே ஆள் வர்றான்."

"சரி."

"மெஷின எடுக்க வண்டியும் சொல்லிடட்டுமா? எப்ப வர்றே வீட்டுக்கு?"

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். தைத்த சட்டையை உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு கையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"அதுக்கென்னங்க அவசரம்?" என்றாள். "அந்த வீட்டையும் இந்த வீட்டையும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

டீயோடு வந்த தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். ஒப்பீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று கேட்க வாயெடுத்தார். அது எவ்வளவு காலம் இழுக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே யாரும் இல்லை என்பதால் கேட்காமல் டீயை வாங்கிக்கொண்டார்.